வெயிலும் வெண்ணுடையும்

அரச குடும்பத்துத் திருமண நாளொன்றில் எடுக்கப்பட்ட மிகப் பழைய ஒளிப்படங்களுள் ஒன்றில், மணமகளுடைய தாயின் முகம் கலங்கிக் கிடக்கிறது. நாள் 1858 ஜனவரி 25. இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் மூத்த மகள், பதினேழு வயது இளவரசி, பிரஷ்ய நாட்டு இளவரசரை மணக்க ஆலயத்திற்குப் புறப்படும் முன்பு தாய் தந்தையருடன் காமிராவின் முன் நின்றார். படம் எடுத்தவர் டி. ஆர். வில்லியம்ஸ். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதிய வேண்டுமாயின் சில வினாடிகளேனும் அசையாது நிற்க வேண்டும். மகளும் தந்தையும் ஓரளவு தெளிவாக விழுந்திருக்கிறார்கள். அரசியின் முகமோ நீரில் கரைந்ததுபோல் இருக்கிறது. தாம் நடுங்கியதால்தான் தம் உருவம் தெளிவின்றிப் போயிற்று என்று அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

மகளைக் கடல் கடந்து அனுப்பும் தாயின் நடுக்கத்தை இதைவிட உண்மையாக எந்த ஓவியனும் தீட்டியிருக்க முடியாது என்பது என் எண்ணம். ஆனால் தொழில் தெரிந்தவர்களுக்கு அது ஒரு கெட்டுப்போன தகடு. போதிய வெளிச்சம் இருந்திருந்தால் தகடு விரைவாகப் பதிந்திருக்கும், நடுக்கமும் தெரிந்திராது. அன்று தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திருமணப் படக்காரர்கள் செய்ததெல்லாம் வெளிச்சத்தைத் தேடி அலைந்ததும், வெளிச்சம் கிடைத்தபின் அதன் மிகுதியோடு போராடியதுமே எனலாம்.

இதே விக்டோரியா 1840 பிப்ரவரி 10 அன்று வெண்பட்டு உடுத்தி மணம் முடித்தார். மணமகள் வெள்ளை உடுப்பது மேல்நாட்டில் பரவலானதற்கு அத்திருமணம் ஒரு முக்கியக் காரணம். அதற்கு ஒளிப்படம் கிடையாது. பாரிசில் தாகுவேரின் முறை உலகுக்கு வெளியிடப்பட்டதே 1839 ஆகஸ்டில்தான். 1854இல் ரோஜர் பென்டன் எடுத்த, அரசவை உடையிலுள்ள அரச தம்பதியரின் படத்தைத் திருமணப் படம் என்று இன்றும் சிலர் அச்சிடுகிறார்கள். அது பதினான்கு ஆண்டுகள் பிந்தியது.

திருமணப் படம் வீட்டையும் ஆலயத்தையும் விட்டு வெளியே வந்ததற்கு அழகுணர்ச்சியைக் காட்டிலும் இருட்டே காரணம். நடுப்பகல் வெயில் தரும் ஒளியோடு ஒப்பிட்டால், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் கொண்ட ஒரு பழைய ஆலயத்தின் உள்ளே இருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு தேறலாம். நம் கண் இந்த வேறுபாட்டைப் பெரிதாக உணர்வதில்லை. கண்மணி விரிந்து பழகிக்கொள்கிறது. தகட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்டூடியோக்கள் மாடியின் உச்சியில் இருந்தன. வடக்குப் பக்கம் சாய்ந்த கண்ணாடிக் கூரையின் கீழ், வானத்து ஒளியிலேயே அவர்கள் படம் எடுத்தார்கள். பின்னால் இரும்புக் கவ்வி ஒன்று தலையைப் பிடித்திருக்கும். மணமக்கள் திருமணம் முடிந்து அங்கே போவார்கள். சிலர் அன்றே, சிலர் சில நாள் கழித்து, அதே உடையை மறுபடி அணிந்துகொண்டு.

1851இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பவர் ஈரக் கொலோடியன் தகட்டை வெளியிட்டார். காப்புரிமை எதுவும் கோராமல் உலகுக்குத் தந்துவிட்டு, 1857இல் வறுமையில் இறந்த அம்மனிதரைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அவருடைய தகட்டை ஈரம் உலரும் முன்பே ஒளியில் காட்டிக் கழுவி முடிக்க வேண்டும். ஆகவே வெளியிடத்தில் படம் எடுப்பவர் இருட்டறையையே உடன் கொண்டுபோக வேண்டியிருந்தது. மேலே சொன்ன பென்டன், 1855இல் கிரிமியப் போர்க்களத்துக்கு ஒரு மது வணிகரின் வண்டியை இருட்டறையாக மாற்றி இழுத்துச் சென்றார். போருக்காக ஒருவர் அவ்வளவு பாடுபடலாம். ஒரு கிராமத்துத் திருமணத்துக்காக யார் வண்டி பூட்டுவார்?

அந்த நிலைமையை மாற்றியவர் ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர். கொலோடியனுக்குப் பதிலாக ஜெலட்டினைப் பயன்படுத்தும் முறையை 1871இல் வெளியிட்டார். 1878இல் சார்லஸ் பென்னெட் அந்தக் கலவையைச் சூட்டில் வைத்துப் பதப்படுத்தினால் அதன் கூர்மை பன்மடங்கு மிகும் என்று காட்டினார். இனித் தகடு உலர்ந்ததாகவே பெட்டியில் கிடக்கலாம்; எடுத்தபின் ஊர் திரும்பிக் கழுவலாம். ஒளிபடும் நேரம் வினாடியின் பின்னமாகக் குறைந்தது. அதன்பின் மணமக்களும் உறவினரும் வீட்டுத் தோட்டத்தில், மூன்று வரிசையாக, முன்வரிசையில் குழந்தைகள் அமர, வீட்டுக்குள்ளிருந்து கொண்டுவந்து புல்லின்மேல் விரித்த கம்பளத்தோடு எடுத்த குழுப் படங்கள் பெருகின. நம் பாட்டன் வீடுகளில் பெஞ்சும் நாற்காலியும் போட்டு எடுத்த படங்களும் இந்தக் குடும்பத்தின் கிளைகளே.

இப்போது வெளிச்சம் கிடைத்துவிட்டது. மிகுதியாகவே கிடைத்துவிட்டது.

திருமணப் படத்தில் உள்ள தனிப்பட்ட சங்கடம் என்னவென்றால், ஒளிப்படக் கலைக்கு மிகக் கடினமான இரண்டு பொருள்கள் அங்கே கைகோத்து நிற்கின்றன. ஒன்று வெண்ணுடை, மற்றது கருங்கோட்டு. வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் திருப்பி அனுப்பும். கறுப்புக் கம்பளி ஏறக்குறைய நான்கு பங்குதான் அனுப்பும். ஒரே சீரான வெளிச்சத்தில் இவ்விரண்டுக்கும் இடையே இருபது மடங்கு வேறுபாடு. இது தாங்கக்கூடியதே. ஆனால் உச்சி வெயிலில் நிற்கும்போது ஒரு பகுதி வெயிலிலும் மறுபகுதி தன் நிழலிலும் இருக்கும். தெளிந்த வானத்தில் வெயிலுக்கும் நிழலுக்கும் ஏறத்தாழ எட்டு மடங்கு வேறுபாடு. இருபதை எட்டால் பெருக்குங்கள்: வெயில் பட்ட வெண்ணுடைக்கும் நிழல் விழுந்த கருங்கோட்டுக்கும் நூற்று அறுபது மடங்கு. பளபளப்பான ஒளிப்படத் தாள் ஒன்றின் மிக வெண்மையான புள்ளிக்கும் மிகக் கறுப்பான புள்ளிக்கும் உள்ள வேறுபாடோ நூறு மடங்கு அளவில் நின்றுவிடுகிறது. அந்தத் தாளுக்குள் இந்தத் திருமணம் அடங்காது. உடையின் சரிகையும் மடிப்பும் வெறும் சுண்ணாம்பாகும். அல்லது கோட்டும் கேசமும் கரிக்கட்டையாகும். எதை இழப்பது என்பதைப் படக்காரர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

இக்கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர்கள் கலைஞர்கள் அல்லர். இங்கிலாந்தின் விட்னஸ் என்னும் தொழில் நகரில் சோடா உப்பு ஆலைகளில் பணியாற்றிய இருவர், சுவிட்சர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் பெர்டினான்ட் ஹர்ட்டரும் அவருடைய நண்பர் வீரோ சார்லஸ் டிரிஃபீல்டும். ஓய்வு நேரத்தில் படம் எடுத்துப் பழகிய இவர்களுக்கு, அனுபவம் என்ற பெயரால் எல்லாரும் ஊகித்துக்கொண்டிருந்தது பிடிக்கவில்லை. எவ்வளவு ஒளி பட்டால் தகட்டில் எவ்வளவு வெள்ளி கறுக்கிறது என்று அளந்து, 1890இல் ஒரு வளைகோடாக வரைந்து வெளியிட்டார்கள். அவ்வளைகோட்டின் அடியும் தலையும் வளைந்திருக்கும். நடுப்பகுதியே நேராக ஓடும். அந்த நேர்ப்பகுதிக்குள் வெண்ணுடையும் கருங்கோட்டும் அடங்கினால் படம் தேறும். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே அவர்கள் நகரும் அளவுகோல் ஒன்றையும் செய்திருந்தார்கள். ஆண்டின் நாளையும் நாளின் மணியையும் அதில் பொருத்தினால், அந்த அட்சரேகையில் அந்நேரத்து வானொளி எவ்வளவு, தகட்டை எத்தனை வினாடி திறக்கலாம் என்று சொல்லிவிடும். பஞ்சாங்கம் பார்க்கும் நம்மவர்க்கு அது அந்நியமாகத் தோன்றாது.

அந்நாளையத் தகடுகளுக்கு இன்னொரு குறை இருந்தது. அவை நீல ஒளியை மட்டுமே நன்றாகக் கண்டன. சிவப்பு அவற்றுக்கு இருட்டு. சிவந்த கன்னம் கறுத்தது. பொன்னிறக் கேசம் மங்கியது. 1873இல் ஜெர்மானியப் பேராசிரியர் ஹெர்மன் வோகெல், தகட்டில் சாயம் சேர்த்தால் அது பிற நிறங்களையும் உணரும் என்று கண்டார். எல்லா நிறமும் உணரும் தகடு விற்பனைக்கு வந்தது 1906இல். இடைப்பட்ட காலத்தில் சிவப்பு, பழுப்பு நிறம் கலந்த எந்த முகமும் உள்ளதைவிடக் கறுப்பாகவே விழுந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வர வேண்டியிருக்கிறது.

சரி, எட்டு மடங்கு வேறுபாட்டை எப்படிக் குறைப்பது? தொடக்க காலக் காமிராக்களோடு வந்த அறிவுரை, கதிரவன் படக்காரரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது. ஒளி அப்போது முகத்தில் நேராக விழும், நிழல் குறையும். ஆனால் அந்த ஒளியைப் பார்க்க நேர்ந்த மணமக்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எவரோ திட்டியதுபோல் நிற்பார்கள். உச்சிப் பொழுதில் நிலைமை இன்னும் மோசம். புருவத்தின் நிழல் கண்குழியில் இறங்கிவிடும். மூக்கின் நிழல் உதட்டில் மீசையாகும். கண் தெரியாத முகம் முகமா?

ஆகவே நல்ல படக்காரர்கள் எதிர்த் திசையில் போனார்கள். மணமக்களின் முதுகைக் கதிரவனுக்குத் திருப்பினார்கள். அல்லது வானம் தெரியும் நிழலில், அதாவது சுவரோரத்திலோ முகப்பு மண்டபத்தின் விளிம்பிலோ நிறுத்தினார்கள். அங்கே முகத்துக்கு ஒளி தருவது நேர் வெயில் அன்று, அகன்ற வானம். அது மென்மையானது. இரு கண்களிலும் ஒரு சிறு வெண்புள்ளியாக வானம் தெரியும். அந்தப் புள்ளி இருந்தால் கண் உயிரோடிருக்கும். இப்படிக் கதிரவனை எதிர்நோக்கி எடுப்பதற்கு நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. லென்ஸின் கண்ணாடிப் பரப்புகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒளியைச் சிதறடித்துப் படம் முழுவதையும் பால் கலந்ததுபோல் வெளிறச் செய்தன. 1935இல் ஜெர்மனியின் ஜீஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா, கண்ணாடிமேல் மிக மெல்லிய ஒரு படலத்தைப் பூசி அச்சிதறலை அடக்கினார். போர் நடந்த ஆண்டுகளில் அது படைத்துறை இரகசியம். 1945க்குப் பின்னரே எல்லாக் காமிராக்களுக்கும் வந்தது. மணமகளின் முக்காட்டின் ஓரத்தில் ஒளிக்கோடு வரைந்த படங்கள் 1950களுக்குப் பின் பெருகியதில் இந்தப் பூச்சுக்குப் பங்குண்டு.

1953 செப்டம்பர் 12. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்து நியூபோர்ட் நகரில், புனித மரியா ஆலயத்தில், பாஸ்டன் பேராயர் ரிச்சர்ட் குஷிங் முன்னிலையில் இளம் செனட்டர் ஜான் கென்னடியும் ஜாக்குலின் பூவியேயும் மணம் முடித்தார்கள். வரவேற்பு நடந்தது நாரகன்செட் விரிகுடாவை நோக்கிய ஹாமர்ஸ்மித் பண்ணையில். ஏறக்குறைய 1,200 விருந்தினர். படம் எடுத்தோருள் ஒருவர் டோனி ஃபிரிஸ்ஸெல் என்ற பெண்மணி. 1907இல் பிறந்த இவர், நாகரிக உடைகளைக் காட்டும் பெண்களை ஸ்டூடியோவின் செயற்கை விளக்குகளிலிருந்து விடுவித்துக் கடற்கரைக்கும் வயலுக்கும் கொண்டுபோனவர். இரண்டாம் உலகப் போரில் தாமாக முன்வந்து படையினரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் படம் எடுத்தவர். புல்வெளியில் நிற்கும் அந்தத் திருமணக் கூட்டத்தை அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். மணமக்கள் தோழியரோடும் தோழர்களோடும் திறந்த வெளியில் நிற்கிறார்கள். வேறொன்றில் விருந்து மேசையில் உணவருந்துகிறார்கள். உடையின் மடிப்பு தெரிகிறது. கோட்டின் துணியும் தெரிகிறது. இரும்புக் கவ்வி பிடித்த விறைப்பு எங்கும் இல்லை. ஃபிரிஸ்ஸெல் தம் படத் தொகுப்பை 1970களின் தொடக்கத்தில் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு அளித்துவிட்டார்; யாரும் அங்கே காணலாம்.

அந்த உடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏறக்குறைய 50 கஜம் தந்த நிறப் பட்டில் அதைத் தைத்தவர் ஆன் லோ, அலபாமா மாநிலத்தில் பிறந்த கறுப்பினத் தையற்கலைஞர். அடிமையாய் வாழ்ந்த ஒரு தையற்காரியின் பேத்தி. திருமணத்துக்கு ஏறத்தாழ பத்து நாள் முன்பு அவருடைய தையற்கூடத்தில் நீர் புகுந்து, மணமகளின் உடையும் தோழியர் உடைகளும் பாழாயின. யாரிடமும் முறையிடாமல், இழப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு, தம் பணியாளர்களோடு மறுபடி தைத்துக் கொடுத்தார். செய்தித்தாள்கள் அவ்வுடையைப் பற்றி விரிவாக எழுதின. தைத்தவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை. மேல்நாட்டுத் திருமணப் படங்களில் மிகவும் அறியப்பட்ட இந்தப் படத்தில் நம் கண் முதலில் போய் நிற்கும் இடம் அவர் கைவேலை. அவரோ படத்துக்கு வெளியே.

வெளியே நின்றவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாட்டிற்குப் பிறகு, கோடக் நிறுவனம் தன் வண்ணப் பிலிமின் விலையோடு கழுவும் கூலியையும் சேர்த்து வாங்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. தனியார் கூடங்கள் பிலிமைக் கழுவத் தொடங்கின. நிறம் சரியாக வருகிறதா என்று அவை ஒப்பிட்டுப் பார்க்க, கோடக் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வைத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அப்படி நின்ற பணியாளரின் பெயரால், பின்னர் வந்த எல்லாப் பெண்களின் படங்களும் 'ஷெர்லி அட்டை' என்றே வழங்கின. அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்பது விதி. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் இவ்வரலாற்றை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார். கறுத்த, பழுப்பு நிற முகங்கள் அந்தப் பிலிமில் விவரம் இழந்தன. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே படத்தில் நின்றால் கறுப்பரின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே மிஞ்சின. 1970களில் கோடக் இதைத் திருத்த முனைந்தபோது, அதற்குத் தூண்டுகோல் அந்த முகங்களுக்கு உரியவர்களின் முறையீடு அன்று என்பதை அந்நிறுவனத்தில் பணியாற்றியவரே ராத்திடம் கூறியிருக்கிறார். சாக்லேட் விற்பவர்களும் மர அறைகலன் விற்பவர்களும், தங்கள் பொருள்களின் பழுப்பு வேறுபாடுகள் விளம்பரப் படத்தில் தெரியவில்லை என்று குறைப்பட்டார்களாம். பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் மாதிரி அட்டை வர 1990கள் ஆயின.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஜேம்ஸ் வான்டெர்ஸீ என்பவர் 1920களிலேயே கறுப்பின மணமக்களைக் கண்ணியமும் நுணுக்கமும் துலங்கப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கருவி துணை நிற்காவிட்டாலும் கண்ணிருந்தால் வழியுண்டு என்பதற்கு அவர் சான்று.

கால் நூற்றாண்டுக்கு மேலாகத் திருமணங்களை நடத்திவைத்து வரும் எனக்கு இது தொலைதூரத்துக் கதையாகப் படவில்லை. நம் பங்குகளில் திருமணத் திருப்பலி முடிந்து மணமக்கள் ஆலயப் படியில் வந்து நிற்கும்போது மணி பதினொன்றரை, பன்னிரண்டு. தவக்காலம் கழிந்து உயிர்ப்பு விழாவுக்குப் பின் வரும் சித்திரை, வைகாசி வெயில். வெண்பட்டுப் புடவை, முக்காடு, அருகே கருங்கோட்டு, கோட்டுக்கு மேலே மாநிறத்திலோ கருநிறத்திலோ ஒரு முகம். பழைய ஆல்பங்களில் அந்த முகம் என்ன ஆயிற்று என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். புடவையைக் காப்பாற்றினால் மாப்பிள்ளையைக் காணோம். இதற்கு மருந்தாக மணமகளின் முகத்தில் பவுடரை அப்பினார்கள். அது சாம்பல் பூத்துப் போயிற்று. பிற்பாடு கணிப்பொறி வந்து, எல்லா முகத்தையும் ஒரே வெளிறிய மாவில் பிடித்துவைத்தது. தாய்க்கே மகளை அடையாளம் தெரியாத ஆல்பங்களை நான் கண்டிருக்கிறேன். இறைவன் தந்த நிறத்தை மாற்றியமைக்க இவர்களுக்கு யார் அதிகாரம் அளித்தது என்று கேட்கத் தோன்றும். கேட்டால், பெண் வீட்டார்தாம் அப்படிக் கேட்டார்கள் என்பது பதிலாக வரும். அதுவும் உண்மைதான், வேதனை அங்கேதான் இருக்கிறது.

முகத்தின் நிறத்தை மாற்றாமலே அதைத் துலங்க வைக்கும் வழியைத் தொழில்நுட்பம் 1940லேயே கண்டிருந்தது. ஒளியை அளக்கும் மின் கருவிகள் 1930களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் விற்பனையில் இருந்தன. அவை பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளப்பவை. அத்தகைய ஒளிமானிக்கு உலகில் எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறம். வெண்ணுடையைக் காட்டினால், "இங்கே வெளிச்சம் மிகுதி" என்று முடிவு செய்து, ஒளியைக் குறைக்கச் சொல்லும். வெண்ணுடை சாம்பலாகும், ஏற்கெனவே கறுத்த முகம் இருட்டில் மூழ்கும். டான் நார்வுட் என்ற அமெரிக்கர் இதைத் திருப்பிப் போட்டார். பாதிப் பந்து போன்ற ஒரு வெண்குமிழைக் கருவியின் முன் பொருத்தி, அதைப் பொருளின் இடத்தில் வைத்துக் காமிராவை நோக்கிக் காட்டச் செய்தார். 1940இல் காப்புரிமை பெற்றார். இக்கருவி மணமகளிடமிருந்து என்ன வருகிறது என்று பார்ப்பதில்லை. மணமகள்மேல் என்ன விழுகிறது என்றே பார்க்கிறது. உடை வெள்ளையா, முகம் கறுப்பா என்ற கேள்வி அதற்கு இல்லை. விழும் ஒளி எல்லாருக்கும் ஒன்று. அதன்படி எடுத்தால் வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும், இரண்டும் தத்தம் நுணுக்கத்தோடும் வரும். சமயச் சொற்பொழிவுக்கு எவ்வளவோ இடம் தரும் கருவி. இங்கே அதற்கு இடமில்லை.

பகல் வெளிச்சத்தில் பிளாஷ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நிழல் கிடைக்காத இடத்தில், கதிரவனுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகத்தில் ஒரு சிறு ஒளியை ஊட்டத்தான். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. துணித் திரை ஓடும் பழைய காமிராக்களில் வினாடியில் அறுபதில் ஒரு பங்கைவிட வேகமாகப் போனால் பிளாஷ் ஒளி படம் முழுவதும் விழாது. நூறு வேகப் பிலிமில் நடுப்பகல் வெயிலுக்கு அவ்வேகத்தில் எஃப் 22 என்ற ஊசித் துவாரம் வேண்டும். அதன் வழியே முகத்தை ஒளியேற்றப் பேராற்றல் கொண்ட பிளாஷ் வேண்டும். சுவீடனின் விக்டர் ஹாசல்பிளாட் 1957இல் வெளியிட்ட 500 சி என்ற காமிராவில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருந்தது. ஐந்நூறில் ஒரு பங்கு வேகத்திலும் பிளாஷ் முழுமையாக விழும். துவாரத்தை எஃப் 8க்குத் திறக்கலாம். எட்டில் ஒரு பங்கு ஆற்றல் போதும். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் கழுத்தில் தொங்கிய இரட்டை லென்ஸ் யாஷிகாவிலும் ஷட்டர் இதே வகைதான். பிளாஷ் வாங்க வசதியில்லாதவர்கள் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை ஒரு பையனிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். அதுவும் அதே பணியைச் செய்தது. சில வேளைகளில் இன்னும் இதமாக.

படக்காரரை ஆலயத்திலிருந்து வெளியே அனுப்பியதில் திருச்சபைக்கும் சிறு பங்குண்டு. 1967 மே 25 அன்று உரோமைத் திருப்பேராயம் வெளியிட்ட, நற்கருணை பற்றிய அறிவுரைத் தொகுப்பு, திருவழிபாடு படமெடுப்பதால் குலையக்கூடாது என்றும், தக்க காரணம் உள்ளபோதும் மிகுந்த அடக்கத்தோடும் ஆயரின் விதிகளுக்கு உட்பட்டும் நடக்க வேண்டும் என்றும் கூறுகிறது. படக்காரர் மேல் எனக்குப் பகையில்லை. பீடத்துக்கு முதுகு காட்டி நின்று, மணமக்கள் வாக்குறுதி அளிக்கும் நேரத்தில், "இன்னொரு முறை கையைப் பிடியுங்கள்" என்று கட்டளையிடுபவர்மேல் மட்டும் உண்டு. வெளியே முற்றத்தில் அவர் விருப்பம்போல் ஆளட்டும்.

ஆளாமலே எடுக்கவும் இயலும் என்று காட்டியவர்களும் வந்தார்கள். அமெரிக்காவில் டெனிஸ் ரெஜி போன்றோர் 1980களிலிருந்து, நிறுத்தி வைத்து எடுப்பதை விட்டு, செய்தியாளர்போல் ஒதுங்கி நின்று நிகழ்வதை எடுத்தார்கள். 1996 செப்டம்பர் 21 அன்று ஜார்ஜியா மாநிலத்துக் கம்பர்லண்டு தீவில், நியூபோர்ட் மணமக்களின் மகனான இளைய ஜான் கென்னடி, கரோலின் பெசெட்டை மணந்தார். விடுதலை பெற்ற அடிமைகள் 1893இல் நிறுவிய சபையின் சிறு மரக்கோவில் அது. சடங்கு தொடங்கத் தாமதமாகி, வெளிச்சம் தீர்ந்துவிட்டது. உள்ளே மெழுகுவர்த்தி எரிந்தது. வாசலில் இறங்கும்போது மணமகளின் கையுறை அணிந்த கையை மணமகன் தம் உதட்டில் வைத்தார். ரெஜி அதைப் பிடித்துவிட்டார். அதைத் திரும்பச் செய்யச் சொல்லியிருந்தால் அது படமாகியிருக்காது.

இன்றைய எண்ணியல் காமிராவில் ஒரு பழைய விதி தலைகீழாகிவிட்டது. நெகட்டிவ் பிலிம் ஒளி மிகுந்தால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. ஆகவே நிழலுக்காக அளந்தார்கள். எண்ணியல் உணரியோ ஒளி மிகுந்து வெளுத்ததை மீட்கவே விடாது. இருண்டதை ஓரளவு மீட்டுத் தரும். எனவே இப்போது முதலில் புடவையைக் காக்க வேண்டும், பிறகு முகத்தை உயர்த்த வேண்டும். மாப்பிள்ளையின் முகத்தை உயர்த்தும்போது எங்கே நிறுத்துவது என்பதைக் கருவி சொல்லாது.

மணமக்களை முற்றத்து வேம்பின் கீழ் கொண்டுபோய் நிறுத்தும் இளைஞர்களைப் பார்க்கிறேன். நல்லதே. ஆனால் மரத்தின் நட்ட நடுவில் நிறுத்தினால் இலையிடுக்கில் வரும் வெயில் புடவையெங்கும் காசு காசாக விழும். இலையின் பச்சை முகத்தில் ஏறும். நிழல் முடிந்து வெயில் தொடங்கும் விளிம்புக்கு அவர்களை இரண்டடி முன்னே அழைத்து வாருங்கள். வெயில் பட்ட மண்தரையிலிருந்து எழும் ஒளி கீழிருந்து முகத்தில் படும். தாடையின் நிழலை அதுவே அழித்துவிடும்.